மஞ்சள் அம்புக்குறி

(யூபிலி ஆண்டுத் தொடக்க விழா மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி நினைவாக என்ன செய்யலாம் என்று பங்குப் பேரவையில் மூன்று மாலைகள் பேசினோம். ரோட்டு முக்கில் அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்பது பலரின் விருப்பம். எனக்கு வேறோர் எண்ணம் உண்டு. அதற்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற சனவரியில் காற்றாடிமலைக்கு நடந்து போன நம் பங்குத் தாய் ஒருவரை, விடியுமுன் நெடுஞ்சாலையில் ஒரு வண்டி தட்டிவிட்டது. கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கை. நற்கருணை கொண்டு சென்றபோது அவர் கேட்டார்: "சாமி, எங்க அம்மா காலத்துல சானல்கரை வழியாத்தான் போவாங்க. நாம ஏன் ரோட்டுல போனோம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தேன். அந்த வழி முழுவதும் தெரிந்தவர்கள் நம் பங்கில் நாலைந்து பேர்தான். எல்லாரும் எழுபதைக் கடந்தவர்கள்.

நடை நமக்குப் புதிதல்ல. சிவராத்திரிக்கு நம் இந்து சகோதரர்கள் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, பன்னிரண்டு சிவாலயங்களை நடந்தும் ஓடியும் தரிசித்து, நட்டாலத்தில் முடிக்கிறார்கள். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் என்கிறார்கள். வழியெங்கும் வீட்டுக்காரர்கள் குடிக்கத் தண்ணீரும் மோரும் கொடுப்பார்கள். ஆண்டுதோறும் கூட்டமாகப் போவதால் அந்த வழி மறக்கப்படவில்லை.

நம் முன்னோர் சுமைதாங்கிக் கல்லும் நட்டார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்டவை பல. தலைச்சுமையை இறக்கிவைக்க இடம். வழி இதுதான் என்பதற்கு அடையாளமும் அதுவே. ரோடு அகலமானபோது எத்தனையோ கற்கள் போய்விட்டன. மறைக்கல்வி வகுப்பில் சுமைதாங்கி என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பையன் "லாரி" என்றான்!

இனி ஸ்பெயின் நாட்டுக்கு வாருங்கள். அங்கே கொம்போஸ்தெலாவில் சந்தியாகப்பரின் கல்லறைக்கு நடந்து செல்வது இடைக்காலத்தில் பெரிய வழக்கம். பிரான்சின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர். நாளடைவில் கூட்டம் குறைந்து, வழியும் பல இடங்களில் மறைந்தது. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞ்ஞா அந்த வழியைப் பற்றியே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. 1984இல் தம் காரில் மஞ்சள் பெயின்டை ஏற்றிக்கொண்டு, பிரான்சு எல்லையிலிருந்து மேற்கு நோக்கி, மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தார். போலீசார் நிறுத்திக் கேட்டபோது, பிரான்சிலிருந்து பெரும் படையெடுப்பு வரப்போகிறது, அதற்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாராம். 1987இல் ஐரோப்பிய மன்றம் அதைத் தன் முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1989இல் அவர் இறந்தார். 1980களின் நடுவில் நடந்து வந்து சான்றிதழ் பெற்றோர் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் குறைவு. 2024இல் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்! வாளியும் தூரிகையும்தான் அவருடைய கருவிகள். அதனால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

பிரான்சு நாட்டில் 1947 முதலே நெடுந்தூர நடைவழிகளுக்கு வெள்ளை, சிவப்பு என இரு பட்டைகள் தீட்டுகிறார்கள். தவறான பாதையில் அதே நிறங்களைப் பெருக்கல் குறியாகப் போடுவார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. தவறிப்போனவனைப் பத்தடியிலேயே திருப்பி அனுப்பிவிடும். நமக்கு அப்படி எந்தக் குறியும் இல்லாததால் பாதி வழி போய்த் தோப்பு வேலியில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். சென்ற மாதம் சானல்கரையில் நானே அப்படி நின்றேன். வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவர்தாம் திருப்பிவிட்டார்.

நம் மாவட்டத்தில் குறிபோட வேண்டிய வழி எது? புனித தேவசகாயம் 1712இல் நட்டாலத்தில் பிறந்தார். சிவாலய ஓட்டம் முடியும் அதே ஊர். கைதான பின் பத்மநாபபுரம், புலியூர்குறிச்சி, பெருவிளை என்று இழுத்துச் செல்லப்பட்டு, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில். 2022இல் புனிதர் பட்டம் பெற்றபின் இந்த இடங்களுக்கு வேன்களும் பேருந்துகளும் நிறைய வருகின்றன. நடப்பவனுக்குத்தான் வழி தெரிவதில்லை. முழு வழியும் குழித்துறை, கோட்டாறு என்ற இரு மறைமாவட்டங்களைச் சேர்ந்தது. அதை நாம் ஒருவராகச் செய்ய இயலாது. நம் பங்கின் எல்லைக்குள் வருவதை நாம் செய்யலாம்.

தோப்புக்காரர்களைப் பார்த்து அனுமதி கேட்கத் தொடங்கியிருக்கிறேன். இருவர் சம்மதித்துவிட்டார்கள், அவர்களில் ஒருவர் இந்து, கிணற்றடியில் தண்ணீர்ப்பானை தாமே வைப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் வேலிக்குப் பயப்படுகிறார். ஆட்டுக்குட்டி நுழையாத மாதிரி ஒரு கடவு வைத்துத் தந்தால் யோசிப்பாராம்; தச்சு வேலை தெரிந்தவர்கள் என்னை வந்து பாருங்கள். வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறகு கட்டிக்கொள்வோம்.

வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இளைஞர்கள் ஆலய முற்றத்தில் கூடவும். வழி தெரிந்த பெரியவர்கள் நால்வரும் முன்னே நடப்பார்கள். நடக்க முடியாதவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்வோம். படுக்கையிலிருந்து எழுந்த அந்தத் தாய், சானல்கரை முதல் கல்லில் முதல் குறியைத் தாமே போடுவேன் என்கிறார். மஞ்சள் பெயின்ட் இரண்டு டப்பா வாங்கியாயிற்று.