புதிய தவணையும் பின்னேரப் பொழுதும்

(நூற்றாண்டு ஆண்டின் முதலாம் தவணை ஆரம்பத்தில், உயர்தர வகுப்பு மாணவியரும் பழைய மாணவியரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. ஆகவே இந்த உரையில் ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம், 1999ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிய வகுப்பையே குறிக்கும். எங்களில் சிலர் வைத்தியர்கள், சிலர் ஆசிரியைகள், சிலர் வங்கியிலும் கச்சேரியிலும் வேலை செய்பவர்கள். பாதிப் பேர் கடல் கடந்து வாழ்கிறார்கள். நூற்றாண்டு விழாவில் பழம்பெருமை பேசப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் இந்தத் தவணையைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

தவணை தொடங்கும் முதல் வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நேரசூசி எழுதப்படுகிறது. காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை பாடசாலை. விடியற்காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் ஒன்று, சனி ஞாயிறு முழுவதும் வேறு வகுப்புகள். இவற்றை எழுதி முடித்ததும் இடம் போதவில்லை என்று தெரிகிறது. உடனே வலைப்பந்து வெட்டப்படுகிறது. அடுத்து நடனம், சாரணியம், விவாதக் குழு. பத்தாம் வகுப்புவரை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடிய பிள்ளை, உயர்தரத்துக்கு வந்ததும் மைதான ஓரத்தில் குறிப்புக் கொப்பியுடன் நிற்கிறாள். “இரண்டு வருடம்தானே, பிறகு பார்க்கலாம்” என்று வீட்டிலே சொல்கிறார்கள்.

அந்தப் பயம் வீண் பயம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக அனுமதி வழங்கப்படுகிறது. பக்கத்து மேசையில் இருக்கும் தோழியோடுதான் போட்டி. இசட் புள்ளியைக் கணிக்கும்போது நீங்கள் வலைப்பந்தில் எத்தனை கோல் போட்டீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இது தெரிந்தும் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வாரத்தில் இரண்டு பின்னேரங்களை வெட்டாமல் வைத்திருங்கள்.

கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம் உண்டு. நாளுக்கு எட்டு மணி நேர உறக்கத்துக்கு 56 போனால் மிகுதி 112. பாடசாலைக்கு 30 போனால் 82. குளிப்பு, சாப்பாடு, பயணம், கோயில், வீட்டு வேலை என்று நாளுக்கு மூன்று மணி நேரம் வைத்தால் 21. அதுவும் போக 61 மிஞ்சும். இரண்டு பின்னேரங்களுக்கு நான்கு மணி நேரம் கொடுத்த பின்பும் படிப்புக்கும் ரியூசனுக்கும் 57 மணித்தியாலம் இருக்கிறது. நேரசூசியை நெருக்குவது அந்த நான்கு மணி நேரம் அல்ல. ஒரே பாடத்துக்கு இரண்டு இடங்களில் ரியூசனுக்குப் போவதும், போய்வரும் தூரமும், கையில் இருக்கும் தொலைபேசியுமே அதை நெருக்குகின்றன.

உறக்கத்தில் எட்டு மணி நேரத்தைத் தாராளமாக வைத்துவிட்டோம் என்று உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பதே உறக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவதும் உறக்கத்தில்தான். ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் நன்றாக இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெண் பிள்ளைகளின் எலும்பு வலிமையில் மிகப் பெரும் பகுதி பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பிறகு பார்க்கலாம் என்றால், பிறகு அந்தச் சேமிப்பைப் பெரிதாகக் கூட்ட முடியாது. ஐம்பது வயதுக்கு மேல் இடுப்பு முறிந்து வரும் தாய்மாரைப் பார்க்கும்போது, எங்களில் வைத்தியத் துறைக்குப் போனவர்களுக்கு இந்தப் பதினேழு வயதுதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். களைப்பாக இருக்கிறது, படித்தது மனதில் நிற்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால், உடனே உங்களைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகும் பிள்ளைக்கும், காலைச் சாப்பாடு இல்லாமல் விடியற்காலை வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கும் இரும்புச்சத்துக் குறைவது சாதாரணம். ஒரு இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மருந்தும் உண்டு. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். தேசிக்காய், கொய்யாப்பழம், நெல்லிக்காய் சேர்த்தால் கூடும். இதை வீட்டிலே அம்மாமாருக்கும் சொல்லுங்கள்.

உடம்புக்கு நல்லது என்பதற்காக மட்டும் நாங்கள் மைதானத்தைப் பற்றிப் பேசவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு சித்திரை, வைகாசியில் திரும்பி வந்தபோது நாங்கள் பதினோராம் வகுப்பு. மின்சாரம் போய் ஆறு வருடம். மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பு. இருள முன்னரே ஊரடங்கு. மேசை கதிரைகள் பாதி இல்லை. வகுப்பில் யார் யார் திரும்பி வரவில்லை என்று எண்ணிப் பார்க்கவே எங்களுக்குப் பல நாள் எடுத்தது. அந்த நிலையிலும் எங்கள் ஆசிரியைமார் இரும்புப் பட்டறையில் ஒரு வளையத்தை வளைப்பித்து, தண்ணீர்க் குழாயில் பொருத்தி, வலைப்பந்துக் கம்பமாக நட்டார்கள். வலை இல்லை. இருந்த ஒரு பந்தும் சப்பாத்துத் தைப்பவரிடம் இரண்டு முறை தைத்தது. பாடசாலை விட்டதும் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, ஊரடங்குக்கு முன் சைக்கிளில் வீடு சேர்வோம். படிக்க எவ்வளவோ கிடந்தது. ஆனாலும் நாங்கள் ஒருவரோடு ஒருவர் மறுபடி பேசத் தொடங்கியது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

வலைப்பந்து விளையாடியவர்களுக்கு அதன் விதி தெரியும். பந்தைப் பிடித்தவள் அதனோடு ஓடக்கூடாது. மூன்று விநாடிக்குள் இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும். ஏழு பேரில் இருவருக்குத்தான் கோல் போட அனுமதி. மற்ற ஐவரும் அந்த இருவரிடம் பந்தைச் சேர்ப்பதற்காகவே ஓடுகிறார்கள். வைத்தியசாலையில் இரவுக் கடமை முடிந்து காலையில் விடுதியை ஒப்படைக்கும் நேரமும் அப்படித்தான். எந்த நோயாளிக்கு என்ன கொடுத்தோம், இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகவும் சரியாகவும் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அதைத் தன்னிடமே வைத்துக்கொள்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நோயாளிக்கு ஆபத்துத்தான். பிள்ளைக்கு வந்த நோயைத் தாய்க்கு விளங்கும்படி நான்கு வசனத்தில் சொல்லும் பழக்கத்தை, மருத்துவ பீடத்துக்குப் போகும் முன்னரே விவாத மேடை எங்களுக்குத் தந்திருந்தது.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. நான்கு பாடமும் சித்தியடைந்தும் வெளியே நின்றவர்கள் உண்டு. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளை இங்கே படித்துக்கொண்டே எழுதிய தோழி ஒருத்தி, கனடாவுக்குப் போய்ப் பகலில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த ஊரில் அவளை எல்லோருக்கும் ‘ரீச்சர்’ என்றுதான் தெரியும். பரீட்சை முடிவு எப்படி வந்தாலும் கைவிடாத ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் இங்கிருந்து கொண்டுபோக வேண்டும். விளையாட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் விளையாடியவர் அவர்.

எல்லாவற்றிலும் சேருங்கள் என்று சொல்லவில்லை. உடம்பை அசைக்கும் ஒன்று, வாயைத் திறக்க வைக்கும் ஒன்று, இரண்டு போதும். முதலாம் தவணையில் மெய்வல்லுநர் போட்டி வருகிறது. அதன் பின் தமிழ்மொழித் தினப் போட்டிகள். பரீட்சைக்கு முந்திய மாதங்களில் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் நாளுக்கு அரை மணி நேரம் கயிறடிப்பதையோ நடப்பதையோ விட வேண்டாம்.

இனி எங்கள் அக்காமாருக்கும் தோழியருக்கும் ஒரு வார்த்தை. லண்டன், ரொறன்ரோ, சிட்னி, பாரிஸ், கொழும்பு என்று எல்லாக் கிளைகளும் நூற்றாண்டுக்காக நிதி சேர்க்கின்றன. நுழைவாயில் வளைவும் மண்டபமும் அழகுதான். ஆனால் பிள்ளைகள் ஏன் பின்னேரத்தில் நிற்பதில்லை என்று ஆசிரியைமாரிடம் விசாரித்தோம். ரியூசனுக்கு அடுத்ததாக அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று மதியச் சாப்பாடு. 1.30க்கு மணி அடித்ததும் பசி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வர முடியாது. மற்றது பஸ். தீவகத்திலிருந்து வரும் பிள்ளை ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு சேர இருண்டுவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல வீடுகளில் இந்த இரண்டு செலவும் பாரமாகிவிட்டன.

1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். பின்னேரம் மட்டும் வசதி உள்ள பிள்ளைக்குரியதாகிவிடக் கூடாது. ஆகவே சேரும் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, வாரத்தில் இரண்டு நாள் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு சோற்றுப் பார்சலும், தூரத்துப் பிள்ளைகள் வீடு சேர ஒரு வாகனமும், பயிற்றுநருக்கு ஒரு கொடுப்பனவும், மிருதங்கத்துக்குத் தோலும் வயலினுக்குத் தந்தியும் கொடுப்போம். கல்வெட்டில் பெயர் வராது. எங்கள் வகுப்பு இந்த ஆண்டின் மூன்று தவணைகளுக்கும் செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டைப் பொறுப்பேற்கிறது. வியாழக்கிழமை இன்னும் காலியாக இருக்கிறது.

பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போய் நேரசூசியை எழுதும்போது செவ்வாயையும் வியாழனையும் முதலில் எழுதுங்கள். ரியூசனை அதன் பிறகு எழுதலாம்.

இந்தத் தவணை உங்கள் எல்லோருக்கும் நல்லதாக அமையட்டும். வாழ்க எமது கல்லூரி.