202-வது சுற்று



எனக்கு முன்னால் பேசியவர்கள் கம்பனைப் பேசினார்கள், குறளைப் பேசினார்கள். நான் கார் பந்தயம் பேச வந்திருக்கிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். இது எண்ணிக்கையைப் பற்றிய கதை. ஓடுகிறவன் ஒருவன், அவன் ஓடியதை எண்ணி எழுதுகிறவன் இன்னொருவன். எழுதுகிறவன் மனசு வைக்காவிட்டால் என்ன ஆகும்?

1963 டிசம்பர் 1. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம், ஜாக்சன்வில் நகரம். அதிபர் கென்னடி சுடப்பட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அரை மைல் மண் பாதை, 200 சுற்று. 34-ம் எண் செவர்லே காரை ஓட்டுகிறவர் வென்டல் ஸ்காட், வயது 42. சக வீரர் நெட் ஜாரெட்டிடம் வாங்கிய பழைய கார் அது. ஸ்காட் கறுப்பினத்தவர். இன்னும் 25 சுற்று பாக்கி இருக்கையில் ரிச்சர்ட் பெட்டியை முந்துகிறார். பெட்டி யார் என்று கேட்பீர்கள். பின்னாளில் 200 பந்தயங்களை வென்று, 'கிங்' என்றே பெயர் வாங்கியவர்.

200 சுற்றும் முடிந்தது. பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம் போட்ட கொடி இறங்கவில்லை. ஸ்காட் ஓடுகிறார், 201. கொடி இல்லை. 202. பிறகு கொடி இறங்கியது. யாருக்கு? பக் பேக்கர் என்ற வெள்ளைக்கார வீரருக்கு!

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஸ்காட் என்ற இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடுகிறேன்.

வர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரில் 1921-ல் பிறந்தவர். டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தார். ஊர் திரும்பிப் பட்டறை வைத்தார். இரவில் வேறு ஒரு தொழிலும் உண்டு. மறைப்பானேன், கள்ளச்சாராயம் கடத்தினார். 1949-ல் ஒருமுறை பிடிபட்டு, மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். அந்தத் தொழிலில் காருக்கு இரண்டு குணம் வேண்டும். பார்க்கச் சாதாரணமாக இருக்க வேண்டும், போலீஸ் துரத்தினால் பறக்க வேண்டும். கடையில் விற்கிற காரையே முடுக்கி ஓட்டும் ஸ்டாக் கார் பந்தயம், தென் மாநிலங்களில் இந்தச் சாராயக் கார்களின் புழுதியில்தான் வளர்ந்தது.

1952-ல் டான்வில்லில் பந்தயம் நடத்தியவர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. ஒரு கறுப்பரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கவாவது டிக்கெட் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். நல்ல ஓட்டுநர் யார் என்று போய் விசாரித்தது யாரிடம் தெரியுமா? போலீசாரிடம்! அவர்கள் யோசிக்கவே இல்லை, ஸ்காட் பெயரைச் சொன்னார்கள். துரத்தித் துரத்திக் களைத்தவர்களை விடத் தகுதியான நடுவர்கள் யார் இருக்கிறார்கள்? ஐயா, ஒரு மனிதனுக்குப் போலீஸ் தந்த இதைவிடச் சிறந்த நற்சான்றிதழை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் பந்தயத்துக்குக் காரை இழுத்துக்கொண்டு போனபோது வாசலிலேயே மறுத்தார்கள். வேண்டுமானால் உன் காரை ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் கொடு, அவன் ஓட்டட்டும் என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணில் நீர் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1953-ல் ரிச்மண்டில், மேலிடத்தைக் கேட்காமல் ஓர் உள்ளூர் அதிகாரி உரிமம் எழுதிக் கொடுத்தார். 1961-ல் ஸ்காட் நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயங்களுக்கு வந்தார்.

பெரிய கம்பெனிகள் மற்றவர்களுக்கு எஞ்சினும் ஆளும் பணமும் கொடுத்தன. ஸ்காட்டுக்கு மற்றவர்கள் ஓட்டித் தள்ளிய காரும், காயலான் கடைச் சாமானும்தான். பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நின்றவர்கள் அவர் பெற்ற பிள்ளைகள். கார் மோதி நசுங்கினால் செலவு அவர் பையிலிருந்து. அதனால் யார் இடித்தாலும் பதிலுக்கு இடிக்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டார். பொறுமை என்று நாம் அதற்குப் பெயர் வைக்கலாம். அவருக்கு அது வரவு செலவு. காரின் பக்கவாட்டில் மெக்கானிக் பெயர் எழுதுகிற இடத்தில் அவர் எழுதி வைத்தது: "மெக்கானிக்: நானே."

ஜாக்சன்வில்லுக்குத் திரும்புவோம். பேக்கர் கோப்பை வாங்கினார். அக்காலத்தில் சுற்றுகளை மனிதர்கள்தான் கையால் எண்ணி அட்டையில் குறிப்பார்கள். பிழை நேர்வது இயல்புதான். ஆனால் இரண்டு சுற்றுப் பிழை? ஸ்காட் விடவில்லை, அட்டையைச் சரிபாருங்கள் என்றார். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, வென்றது அவர்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். வெற்றியாளருக்கு அழகு ராணி முத்தமிடுவது அங்கே வழக்கம். ராணி வெள்ளைக்காரப் பெண். எண்ணிக்கை தப்பியதன் ரகசியம் அந்த முத்தத்தில் இருக்கிறது என்றுதான் ஸ்காட் நம்பினார். அன்றைய கோப்பை அவர் வீட்டுக்கு வரவே இல்லை.

முதல்நிலைத் தொடரில் மொத்தம் 495 பந்தயம் ஓடினார். வெற்றி அந்த ஒன்றே ஒன்று. ஆனால் 147 முறை முதல் பத்துக்குள் வந்தார். 1966-ல் ஆண்டுப் பட்டியலில் ஆறாம் இடம். அந்த ஒரு வெற்றியைவிட இந்த 147-தான் என்னை உலுக்குகிறது. காயலான் கடைச் சாமானை வைத்துக்கொண்டு, வாரா வாரம்!

1973 மே மாதம் டாலடேகா பாதையில் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் மோதிய விபத்து. ஸ்காட்டுக்கு விலா, இடுப்பு, கால் என்று எலும்புகள் நொறுங்கின. அக்டோபரில் எழுந்து வந்து சார்லட்டில் கடைசியாக ஒரு பந்தயம் ஓடினார். பன்னிரண்டாம் இடம். அத்தோடு பட்டறைக்குத் திரும்பிவிட்டார். 1990-ல் காலமானார். 2015-ல் நாஸ்காரின் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

2021 ஆகஸ்ட் 28. அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள். டேடோனா மைதானத்தில் குடும்பத்தாரை அழைத்து, ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் கொடுத்தது. 58 வருடத் தாமதம். அங்கேயும் கோப்புகள் மெதுவாகத்தான் நகரும் போலிருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 4-ம் தேதி, ஸ்காட்டின் எலும்பை முறித்த அதே டாலடேகாவில் 188 சுற்றுப் பந்தயம். 117-வது சுற்றில் மழை கொட்டி, ஓட்டத்தை முடித்துவிட்டார்கள். அப்போது முன்னணியில் இருந்தவர் பப்பா வாலஸ். ஸ்காட்டுக்குப் பிறகு அந்த முதல்நிலைத் தொடரில் வென்ற முதல் கறுப்பின வீரர். அன்றைக்குச் சுற்றுகளை இயந்திரம் எண்ணியது.