ஆசான் எனும் தகுதி

(இளையரசனேந்தலில் சிலம்பப் பயிற்றுநர்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கரிசல் மண்ணில் கோலூன்றி நின்று இளைஞர்க்குப் போர்க்கலை பயிற்றும் ஆசான்மார்களே!

இவ்வூருக்கு மேற்கே பூலித்தேவனின் நெற்கட்டுஞ்செவ்வல், தென்கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி, தெற்கே, 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. இம்மூன்று ஊர்களுக்கும் இடையே வாழும் மக்களுக்குப் போர்க்கலையின் பெருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆனால், அக்கலையைக் கற்பிப்பவனுக்கு உரிய தகுதி யாது, அதனை அவன் எவ்வாறு ஈட்டுகிறான் என்பதைப் பேசத்தான் வேண்டும். ஏனெனில், கலை அழிவது பெரும்பாலும் பகைவனால் அன்று. ஆசான் தன் கடமையிற் தவறும்போதே அது அழியத் தொடங்குகிறது.

தூய தமிழை விழைவோர் சிலர்க்கு ஓர் ஐயம் உண்டு. "மொழியிற் கலப்புக் கூடாது என்கிறோமே, போர்க்கலையில் மட்டும் பல முறைகளைக் கலக்கலாமோ?" என்பதே அவ்வையம். இதற்கு விடை சிலம்பத்திலேயே இருக்கிறது. துடுக்காண்டம், குறவஞ்சி, பனையேறி மல்லு, கள்ளன் கம்பு என்று அதன் ஆட்டமுறைகளின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். குன்றத்தில் வாழ்ந்தவன், பனையேறியவன், காவல் காத்தவன் எனப் பல குடிகளின் கைப்பழக்கம் அப்பெயர்களில் ஒலிக்கிறது. கோலோடு குத்துவரிசையும், வாளும், மான்கொம்பும், சுருள்வாளும், அவற்றுக்கு மேல் வரும வைத்தியமும் சேர்ந்ததே முழுக்கலை. சேர்க்கை இங்கே புதிதன்று. ஆனால் சேர்ந்த ஒவ்வொன்றும் தமிழ்ப் பெயரோடு தமிழ்க் காலடியில் நின்றது. வேர் தன்னுடையதாக இருக்கும்வரை சேர்க்கை வலிமை. வேரை மறந்தபின் சேர்வது வெறுங் குழப்பம்.

அயல்நாட்டுச் சான்று ஒன்றும் காண்போம். அவாய்த் தீவில் 1947 முதல் 1949 வரை ஐந்து ஆசான்கள் கூடி ஒரு கலப்புப் போர்க்கலையை உருவாக்கினர். கராத்தே, யூடோ, யூயிற்சு, கென்போ, சீனக் குத்துச்சண்டை ஆகியவற்றின் சேர்க்கை அது. கசுகென்போ என்னும் அதன் பெயரே அக்கலைகளின் பெயர்களினின்று எடுத்துக் கோத்ததுதான். அவர்களுள் ஒவ்வொருவரும் முன்னரே தத்தம் கலையில் தேர்ந்தவர். ஆயினும், தன் கலையில் ஆசானாக இருந்தவன் அடுத்தவன் கலையில் முதல் அடி பயிலும் மாணாக்கனாக இறங்கினான். தன் கலையின் ஓட்டையை மற்றவன் காட்டக் கண்டு அதை ஒப்புக்கொண்டான். ஒன்றை முற்றக் கற்றவனே பிறிதொன்றைச் சேர்க்கத் தக்கவன் என்பதும், ஆசானே மீண்டும் மாணாக்கனாகாமல் கலை வளராது என்பதும் அதனாற் பெறப்படும்.

இனி, இடையிற் கட்டும் கச்சைக்கு வருவோம். கறுப்புக் கச்சை கட்டியவனைக் கண்டால் இன்று ஊரே வியக்கிறது. ஆனால் அந்தப் படிநிலை ஏற்பாடு நூற்றைம்பது ஆண்டுகூட நிறையாதது. 1882-இல் சப்பானில் யூடோப் பள்ளி நிறுவிய கானோ, அடுத்த ஆண்டு மாணாக்கர் இருவர்க்கு முதன்முதல் அத்தகுதியை வழங்கினார். கராத்தே ஆசான் பூனகோசி அம்முறையைக் கடன் கொண்டு, 1924-இல் தம் மாணாக்கர்க்கு வழங்கினார். ஏற்பாட்டைக் கடன் வாங்கினாரேயன்றிக் கலையை விற்கவில்லை. அதுமட்டுமா? "சீனக் கை" என்று பொருள்பட எழுதப்பட்டு வந்த கராத்தே என்னும் பெயரை, ஒலி மாறாமல் "வெறுங்கை" என்று பொருள்படும் எழுத்தால் எழுதவேண்டும் என்று 1936-இல் ஒக்கினாவா ஆசான்கள் கூடி முடிவு செய்தனர். பெயரில் அவர்களுக்கு இருந்த அக்கறை தமிழர்க்கு வேண்டாவா?

தமிழ் ஆசானின் வரலாற்றையும் எண்ணுக. வெள்ளையர் படைத்தலைவர் சேம்சு வெல்சு 1830-இல் வெளிவந்த தம் நினைவு நூலில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்று எழுதி வைத்திருக்கிறார். கற்பித்த அப்பெருமகனை 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது வெல்சு ஊழியம் பார்த்த அதே கும்பினி ஆட்சி. அவ்வாண்டு திசம்பர் முதல் நாளில் தென்னாட்டுப் பாளையங்களில் போர்க்கருவி தாங்குவதையே ஒடுக்கும் ஆணையும் பிறந்தது. வாளைப் பறித்தார்கள், வேலைப் பறித்தார்கள். ஆனால் ஆடு மேய்ப்பவன் கையிலிருந்த கோலைப் பறிக்க முடிந்ததா?

மருது அயலானுக்கும் ஒளிக்காமல் கற்பித்தார். அவர் கற்பித்த வளரியை இன்று முறையாகக் கற்பிக்க வல்லார் எத்தனை பேர்? ஆணை வந்து அழித்தது ஒரு பங்கு; "என் மகனுக்கு மட்டும்", "என் சாதிக்கு மட்டும்" என்று மறைத்து, கடைசி அடியைச் சொல்லாமலே கண் மூடிய ஆசான்களால் அழிந்தது மற்றொரு பங்கு. இதை மறுப்பதால் பயனில்லை.

இன்று காலம் கனிந்திருக்கிறது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்குரிய மூன்று விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேரும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த அனைத்திந்திய இளையோர் விளையாட்டு விழாவில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. வாய்ப்பு வருமிடத்தில் போலியும் வரும். கோலை நான்கு முறை சுழற்றியவன் சான்றிதழ் கேட்பான். பணத்துக்கு அதை எழுதிக் கொடுப்பவனும் முளைப்பான். வேலைக்காகப் பெற்ற தாள் வேலையோடு முடிந்துபோகும்; கலை யாரிடம் நிற்கும்?

ஆகவே ஆசான்மார்களே, சான்றிதழ் தரும் கை முதலில் தேர்வுக்கு நிற்கட்டும். கோல் மட்டும் அறிந்தவர் குத்துவரிசை வல்லாரிடம் சென்று பயிலட்டும். அடிக்க மட்டும் அறிந்தவர், அடிபட்டவனைத் தேற்றும் வரும முறையையும் கற்கட்டும். பல ஊர் ஆசான்கள் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தேர்ந்து தகுதி வழங்கட்டும். களத்தில் ஒலிக்கும் ஆணைச் சொற்கள் தமிழாகவே இருக்கட்டும். பெண்ணென்றும் சாதியென்றும் பாராமல் களத்தின் வாயில் திறந்தே கிடக்கட்டும்.

ஆசான் என்பது கழுத்தில் விழும் மாலையன்று. தலையில் ஏறிய கடன். முன்னோரிடம் பெற்றதைக் குறையாமல், கூடுமாயின் ஓர் அடியேனும் கூட்டி, அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்தாலன்றி அக்கடன் தீராது. இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வோர் ஆசானும், தமக்கு மட்டும் தெரிந்த ஓர் அடியை நாளை காலை களத்தில் ஒரு மாணாக்கனுக்கோ மாணாக்கிக்கோ கற்றுக் கொடுப்பாராக!