தயிர்க் கிருமியும் பசுவின் மடியும்



பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டுப் பசுவுக்கு மடிநோய் கண்டது. மடியின் ஒரு பக்கம் வீங்கிச் சிவந்து சுட்டது. கறந்த பாலில் திரிதிரியாகக் கட்டிகள் மிதந்தன. கால்நடை மருத்துவர் காம்பின் வழியே பென்சிலினைச் செலுத்தி, சில நாட்களுக்கு அப்பாலை எவரும் அருந்தலாகாது என்று கூறிச் சென்றார். பசு தேறியது. பாலைக் கொட்ட மனம் வராமல், அவர் சொன்ன நாள் முடியுமுன்பே ஒரு செம்புப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றச் சொன்னேன். மறுநாள் காலையிலும் அது தயிராகவில்லை. பிறருக்குப் பாடம் சொல்லிவந்த எனக்கு அன்று பசு பாடம் சொல்லிற்று.

பாலைத் தயிராக்குபவை உறைமோரில் வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். நோய்க்கிருமியைக் கொன்ற மருந்து, காய்ச்சிய பின்னும் பாலில் எஞ்சி நின்று, இந்த நல்ல கிருமிகளையும் வளரவொட்டாமல் தடுத்துவிட்டது. இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. மருந்து அரைகுறையாகச் சென்றால், கிருமிகள் அதை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பெற்றுவிடும். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945-ஆம் ஆண்டில் தம் நோபெல் சொற்பொழிவிலேயே இதை எச்சரித்தார்.

அப்படியாயின், அந்த நல்ல கிருமியையே மருந்தாக்கலாகாதா? அயர்லாந்து நாட்டில், கார்க் மாவட்டத்து மூர்பார்க் பால்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வழியில் முயன்றனர். கெஃபிர் என்னும் புளித்த பாலை உண்டாக்கும் மணிகளிலிருந்து லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை கிடைத்திருந்தது. அது லாக்டிசின் 3147 என்னும் பொருளைச் சுரந்து, பகைக் கிருமிகளின் மேலுறையைத் துளைத்துவிடும். இப்பாக்டீரியாவை உயிருடன் நோயுற்ற மடியில் செலுத்திப் பார்த்தனர். அதன் பயன் வழக்கமான மருந்தின் பயனுக்கு ஒப்பாக இருந்ததென 2008-இல் வெளியிட்டனர்.

இதில் வியப்பு யாதெனில், இப்பாக்டீரியா தன் சுரப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. அது உள்ளே புகுந்த சில மணி நேரத்தில் பசுவின் வெள்ளணுக்கள் மடியை நோக்கித் திரண்டு வந்தன. ஊருக்குள் வந்த காவலன், உறங்கிக் கிடந்த ஊராரையும் எழுப்பிவிட்டான் எனலாம்.

எனினும், சோதிக்கப்பட்ட பசுக்கள் சிலவே. இம்முறையால் மடியில் சிறிது காலம் வீக்கமும் தோன்றக்கூடும். ஈ. கோலை போன்ற கிருமிகளை லாக்டிசின் எளிதில் தாக்காது. ஆதலால், இதைக் கேட்டுவிட்டு எவரும் வீட்டு மோரை மடியில் செலுத்த முனையற்க! அதில் என்னென்ன கிருமிகள் உள்ளன என்பதை யாரறிவார்? நோய் கண்டால் மருத்துவரை நாடுங்கள். அவர் விலக்கிய பாலை விலக்குங்கள். கறப்பவர் கையும் மடியும் தூய்மையாயிருக்கட்டும். கறந்தவுடன் காம்பின் துளை மூடிக்கொள்வதில்லை. ஆகவே, பசுவுக்குத் தீனியிட்டுச் சற்று நேரம் நிற்க வையுங்கள்.

கிருமி என்றாலே பகையென்று எண்ணி வளர்ந்தவன் நான். உறையாத அந்த ஒரு செம்புப் பால் என் எண்ணத்தை மாற்றியது. பகை எது, நட்பு எது என்று பகுத்தறிய முயல்வதே அறிவியலின் முதற்படி.