கோடரி சாமியான விதம்

(புதூர்நாட்டில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்த ஜவ்வாது மலையில் சில கோவில்களில் வழவழப்பான சிறு கற்களைக் குவித்துவைத்துக் கும்பிட்டு வருவதை நீங்கள் அறிவீர்கள். அக்கல்லின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அது தானாக உண்டான கூர்மையல்ல. மனிதன் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய கூர்மை. இரும்பு இன்னதென்று தெரியாத காலத்துக் கோடரி அது.

இது நம்முடைய யூகமல்ல. மலைக்குக் கீழே, திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1964-லும் 1967-லும் தொடங்கித் தோண்டிப் பார்த்தார்கள். இதே மாதிரிக் கற்கோடரிகள் கிடைத்தன. கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. கொள்ளு விதைத்தவன் காடு திருத்த வேண்டாமா? அதற்குத்தான் கோடரி.

இதைக் கேட்டு, “மலைவாசிகளின் அறியாமை” என்று கீழ்நாட்டுக்காரர் சிரிப்பாரானால், அவருக்கு அந்த யோக்கியதை இல்லை. ஐரோப்பாவில்கூட இடி விழாதிருக்க இக்கல்லை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். நைஜீரியா தேசத்து யோருபா ஜனங்கள், ஷாங்கோ என்னும் இடித்தெய்வம் வானத்திலிருந்து எறிந்த கல் என்றார்கள். இடி விழுந்த வீட்டுக்குப் பூசாரி வந்து, மண்ணைத் தோண்டி ஒரு கல்லை எடுத்துக் காட்டுவான். வீட்டுக்காரன் காணிக்கை கொடுக்கவேண்டும். வீடு போனது ஒருவனுக்கு, வரும்படி மற்றொருவனுக்கு! அந்நாட்டுச் சிற்பிகள் பெண்ணுருவின் தலைமேல் இரட்டைக் கோடரியை வைத்து மரத்தில் செதுக்கினார்கள். ஷாங்கோ பக்தர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள்.

ஜப்பானியரும் இக்கல்லை “இடிக்கோடரி” என்றே அழைத்தார்கள். ஆனால் கியோட்டோ நகரத்துச் சன்ஜூசங்கெண்டோ கோவிலிலுள்ள 13-ஆம் நூற்றாண்டு மரச்சிற்பத்தில், இடித்தெய்வம் தன்னைச் சுற்றி மத்தளங்களை வளையமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. இடி ஒன்றுதானே? இரண்டு உருவம் ஏன்? மரம் பிளந்ததை நினைத்தவன் கோடரி செதுக்கினான்; முழக்கத்தை நினைத்தவன் மத்தளம் செதுக்கினான். தெய்வத்தின் உருவம் மனிதன் கண்டதும் கேட்டதுமேயன்றி வேறென்ன?

செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கச் சண்டையிட்டுச் செத்தவனை வில்லும் வாளுமாகச் செதுக்கி, பேரையும் எழுதிவைத்தார்கள். அதனால் அவன் மனிதன் என்று இன்றும் தெரிகிறது. அந்த எழுத்தைப் படிக்க ஆளில்லாத இடத்தில் அவனும் வேடியப்பன் ஆகிவிட்டான். கோடரி செய்தவனோ எழுத்தே அறியாதவன். பேர் மறைந்தது, கல் சாமியாயிற்று.

தோழர்களே! அக்கற்களை உடைக்கும்படி நாம் சொல்லவில்லை. வந்தவனுக்கு விற்கவும் வேண்டாம். பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, “இது சாமி” என்று சொல்லாமல், “இது மனிதன் செய்த கோடரி” என்று சொல்லுங்கள். சாமி என்றால் பிள்ளை கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். மனிதன் செய்தது என்றால், “எப்படிச் செய்தான்?” என்று கேட்பான். அந்தக் கேள்வி பிறந்தால் போதும். நாம் மலையேறி வந்தது வீண்போகாது.