மூச்சு வாங்குதா? மனசையும் கொஞ்சம் கேளுங்க

(நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளும் குடும்பத்தினரும் கலந்துகொண்ட கூட்டத்தில், அரசு மருத்துவமனை நெஞ்சக நோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லிஃப்ட் முன்னால் கூட்டமாக இருந்ததால் சில பேர் படியேறி வந்திருப்பீர்கள். பாதி வழியில் நின்றவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். நின்றபோது என்ன செய்தீர்கள் என்று எனக்கே தெரியும். போனை எடுத்து, ஏதோ மெசேஜ் வந்த மாதிரி பார்த்தீர்கள். மூச்சு வாங்குவது பக்கத்தில் வருகிறவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு அம்மா சிகிச்சைக்கு வருவார். முப்பது வருஷம் விறகடுப்பில் இட்லிக் கடை நடத்தியவர். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. அடுப்புப் புகைதான் அவருக்கு சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைக் கொடுத்தது. மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வந்தார். "சளி எப்படி இருக்கும்மா? இன்ஹேலர் எடுக்கறீங்களா?" என்று கேட்பேன். "பரவால்ல டாக்டர்" என்பார். மாத்திரை எழுதி அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் மருமகள் கூட வந்தார். "டாக்டர், அத்தை ஆறு மாசமா வாசப்படி தாண்டல. பேத்தி சடங்குக்குக்கூட வரல. ராத்திரி உக்காந்தே இருக்காங்க" என்றார். அந்த அம்மா தலை குனிந்தபடி, "நாலு பேர் நடுவுல இருமுனா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. யாருக்கும் பாரமா இருக்க வேணாம்னுதான்" என்றார்.

மூன்று வருஷம் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தவன் நான். "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மூச்சும் பயமும் சேர்ந்தால்

இந்த நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிப் போகின்றன. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். மூச்சு முட்டும்போது பயம் வரும். அது இயற்கை. பயம் வந்தால் வேகவேகமாக மூச்சு விடுவோம். அப்போது பழைய காற்று முழுசாக வெளியேற நேரம் இருக்காது, உள்ளேயே தங்கிவிடும். புதுக் காற்றுக்கு இடமில்லாமல் இன்னும் முட்டும். பயமும் இன்னும் கூடும்.

இது ஒரு சுழல் என்றால், இன்னொன்றும் உண்டு. மூச்சு வாங்குகிறதே என்று நடப்பதை நிறுத்துவோம். நடக்காத காலில் தசை வலு குறையும். வலு குறைந்த கால் நாலடி வைத்தாலே மூச்சு வாங்கும். சரி, வீட்டிலேயே இருப்போம் என்று தோன்றும். வீட்டோடு இருந்தால் பேச ஆள் குறையும், மனசு சோர்ந்து போகும். மனசு சோர்ந்தவர் இன்ஹேலரையும் ஒழுங்காக எடுக்க மாட்டார்.

நோய் நுரையீரலில்தான். ஆனால் ஆளை முடக்குவதில் பாதி வேலையைப் பயமும் சோர்வும் செய்துவிடுகின்றன. இதில் நல்ல சேதியும் இருக்கிறது. சேதமான நுரையீரலை என்னால் பழையபடி ஆக்க முடியாது. பயத்தையும் சோர்வையும் குறைக்க முடியும்.

முட்டும்போது என்ன செய்வது?

உட்காருங்கள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். தோளைத் தளர விடுங்கள். மூக்கு வழியாக 2 எண்ணும் வரை மூச்சை இழுங்கள். விளக்கை அணையாமல் ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, 4 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். சின்ன மின்விசிறி இருந்தால் முகத்துக்கு நேராக வையுங்கள். முகத்தில் காற்றுப் பட்டால் பலருக்கு மூச்சுமுட்டல் குறைந்த மாதிரி இருக்கும். டாக்டர் சொன்ன அவசர இன்ஹேலரை எடுங்கள். இதையெல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, குழப்பமாகப் பேசுகிறார், தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் அதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.

இரண்டு கேள்விகள்

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். கடந்த 2 வாரத்தில், முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இழந்த மாதிரி அடிக்கடி இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு "ஆமா, பல நாள்" என்று பதில் வந்தாலும், அடுத்த முறை டாக்டரிடம் சளியைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லுங்கள். இதற்கு ஆலோசனை உண்டு, மருந்தும் உண்டு.

தூக்கம் வரவில்லை என்று மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். சில தூக்க மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கிவிடும். சில நேரம் நுரையீரலுக்குக் கொடுக்கிற மருந்தாலேயே படபடப்போ கை நடுக்கமோ வரலாம். அதையும் நிறுத்தாமல், டாக்டரைக் கேளுங்கள்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்ற நினைப்பு வந்தால் காத்திருக்கவே வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண் இது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். புகையை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு 1800-11-2356 இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"பீடி குடிச்சப்போ தெரியலையா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். "நீங்க எதுவும் செய்யாதீங்க, உக்காருங்க" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதும் வேண்டாம். கீரை ஆயட்டும், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தரட்டும். பதில் சொல்ல மூச்சு சேரும் வரை பொறுமையாக இருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்கு வருவோம். மனநல ஆலோசகரைப் பார்த்தார். இயன்முறை மருத்துவர் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் கொடுத்தார். முதல் வாரம் வீட்டுத் திண்ணை வரை. அடுத்த வாரம் தெருக்குழாய் வரை. இப்போது ரேஷன் கடை வரை போகிறார், வழியில் ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து எழுந்து. நோய் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம், "அந்தச் சுவத்துல என்கூட ரெண்டு பேர் சேந்து உக்காருறாங்க டாக்டர், பொழுது போகுது" என்றார்.

இப்போது எல்லாரும் போனை எடுங்கள். நானே சொல்கிறேன், எடுங்கள். 14416, 104, 108 மூன்றையும் பதிவு செய்யுங்கள். இன்ஹேலர் எடுப்பதை வீட்டில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். அது சரியாகப் போனாலே பலருக்கு ராத்திரிப் பயம் குறையலாம்.

இறங்கிப் போகும்போது மூச்சு வாங்கினால் நில்லுங்கள். போனைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் வருகிறவரிடம், "கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்குது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரும் உங்களோடு நிற்பார்.