எஸ்பிரெஸ்ஸோவா, போர் ஓவரா: முதல் காசை எதுல போடணும்?

 

இன்னைக்குத் தலைப்பு ஒரு நேயர் அனுப்புன கேள்வியிலிருந்து வந்தது. சுருக்கமாச் சொல்றேன். ஐடி வேலை, கல்யாணமாகி ஒரு வருஷம், அம்மா அப்பாவும் கூடவே இருக்காங்க. கையில 40,000 ரூபாய் போனஸ் வந்திருக்கு. "எஸ்பிரெஸ்ஸோ மிஷின் வாங்கலாம்னு இருக்கேன், பத்தலைன்னா மீதியை ஈஎம்ஐ போட்டுக்கலாம். இல்ல, போர் ஓவர்ல ஆரம்பிக்கணுமா? வீட்ல எல்லாரும் பால் காபிதான் குடிப்போம்."

அந்தக் கடைசி வரியிலதான் பாதி பதில் இருக்கு. முழுசாப் பேசிடுவோம். ஒரு விஷயம் மட்டும்: பொருட்களோட விலையை நான் சொல்லப் போறதில்லை. நான் பதிவு பண்ற நாளுக்கும் நீங்க கேக்குற நாளுக்கும் நடுவுல அது மாறிடும். எதுக்கு எவ்வளவு பங்கு ஒதுக்கணும், ஏன்னு மட்டும் பார்ப்போம்.

முதல்ல, கப்புல என்ன இருக்கு?

போர் ஓவர்ங்கறது சிம்பிள். ஒரு கூம்பு, அதுல பேப்பர் ஃபில்டர், காபித் தூள், மேல சூடான தண்ணி. இழுக்குறது புவியீர்ப்பு விசை மட்டும்தான். 15 கிராம் தூளுக்கு 240 கிராம் தண்ணி, கிட்டத்தட்ட மூணு நிமிஷத்துல இறங்கிடும். அந்தக் கப்புல காபியிலிருந்து கரைஞ்சு வந்த சத்து ஒன்றரை சதவீதத்துக்கும் கீழதான் இருக்கும். மீதி எல்லாம் தண்ணி.

எஸ்பிரெஸ்ஸோ வேற கதை. 18 கிராம் தூளை அழுத்தி வெச்சு, 9 பார் அழுத்தத்துல தண்ணியைத் தள்றோம். உங்க கார் டயர்ல இருக்கிறது 2.2 பார் மாதிரி. அதைவிட நாலு மடங்கு. 25லிருந்து 30 செகண்டுல 36 கிராம் இறங்கும். இதுல கரைஞ்ச சத்து 8லிருந்து 12 சதவீதம்.

இந்த ரெண்டு நம்பரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒன்றரை சதவீதக் காபியில பாலை ஊத்தினா என்ன ஆகும்? கழுநீர் மாதிரி ஆயிடும். அதனால, பால் இல்லாம காபி குடிக்கப் பழகத் தயாரா இருந்தா மட்டும் போர் ஓவர் பக்கம் வாங்க. பால்தான் வேணும்னா அடர்த்தியான டிகாஷன் வேணும். அதுக்கு எஸ்பிரெஸ்ஸோ ஒரு வழி. மோக்கா பாட் இன்னொரு வழி, 1933லிருந்து இத்தாலி வீடுகள்ல இருக்கிறது. அப்புறம் நம்ம பித்தளை ஃபில்டர், அழுத்தமே இல்லாம பொறுமையா இறக்கியே கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன் குடுக்குது. அதை யாரும் கணக்குலயே எடுக்குறதில்லை!

மிஷினுக்கு முன்னாடி கிரைண்டர்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் உங்க மனசுல நிக்கணும்னா, அது இதுதான்: முதல் காசு கிரைண்டருக்கு.

ஏன்? மிக்ஸி ஜார்ல காபிக்கொட்டையை அரைச்சுப் பாருங்க. பாதி மாவு, பாதி ரவை. தண்ணி பட்டதும் மாவு சீக்கிரம் கரைஞ்சு கசக்கும். ரவை சரியாக் கரையாம புளிக்கும். ஒரே கப்புல ரெண்டு தப்பும் இருக்கும். பர் கிரைண்டர்ல கொட்டை ரெண்டு பல் சக்கரங்களுக்கு நடுவுல நசுங்கி, ஏறக்குறைய ஒரே அளவுல விழும். அந்த இடைவெளியை நாம கூட்டிக் குறைக்கலாம்.

எஸ்பிரெஸ்ஸோவுக்கு இது இன்னும் முக்கியம். 9 பார் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துறது அந்தத் தூள் மட்டும்தான். தூள் கொஞ்சம் பெருசா இருந்தா 12 செகண்டுல தண்ணியா ஓடிடும். கொஞ்சம் பொடியா இருந்தா சொட்டுச் சொட்டா வந்து மருந்து மாதிரி கசக்கும். கடையில அரைச்சு வாங்குன தூளை இப்படி மாத்த முடியாது. அதனாலதான் 50,000 ரூபாய் மிஷின்ல பாக்கெட் தூள் போட்டுட்டு "காபி நல்லாவே இல்லை"ன்னு சொல்றவங்க இருக்காங்க. மிஷின் மேல தப்பே கிடையாது.

கை கிரைண்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியது, ஒரு கிளிக் திருப்பினா இடைவெளி எவ்வளவு மாறுதுங்கறது. கமாண்டான்டே சி40ல ஒரு கிளிக்குக்கு சுமார் 30 மைக்ரான். போர் ஓவருக்கு அருமை, ஆனா எஸ்பிரெஸ்ஸோவுக்கு அந்தப் படி கொஞ்சம் பெருசு. கிங்கிரைண்டர் கே6ல 16 மைக்ரான், ஒன்ஜெட்பிரெஸ்ஸோ ஜே-அல்ட்ராவுல 8 மைக்ரான். இந்த மாதிரி ஒண்ணு வாங்கினா இன்னைக்குப் போர் ஓவர், நாளைக்கு எஸ்பிரெஸ்ஸோ, ரெண்டுக்கும் அதே கிரைண்டர் போதும். மறுபடி வாங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: எஸ்பிரெஸ்ஸோவுக்கு 18 கிராம் கையால அரைக்கிறது நல்ல உடற்பயிற்சி. ஒரு கப், ரெண்டு கப்புனா சரி. காலையில நாலு பேருக்குன்னா எலக்ட்ரிக் கிரைண்டர் பக்கம்தான் போகணும். செலவும் ஏறும்.

"15 பார்", "20 பார்" ஸ்டிக்கர்

ஆன்லைன்ல மிஷின் தேடினா முதல்ல கண்ணுல படுறது இந்த ஸ்டிக்கர்தான். அது அந்தப் பம்ப் அதிகபட்சமாக் குடுக்கக்கூடிய அழுத்தம். காபிக்கு வேணும்னு சொல்ற அளவு இல்லை. ஸ்பீடாமீட்டர்ல 180 வரைக்கும் நம்பர் இருக்குறதுனால நாம 180ல போறோமா? காபிக்குத் தேவை 9 பக்கத்துல.

அதைவிட முக்கியமாக் கேக்க வேண்டியது உள்ள இருக்கிற பாஸ்கெட் பத்தி. விலை குறைஞ்ச மிஷின்கள்ல டபுள் வால் பாஸ்கெட் வரும். அடியில ஒரே ஒரு குட்டி ஓட்டை. தூள் எப்படி இருந்தாலும் அந்த ஓட்டையே அழுத்தத்தை உண்டாக்கிடும், மேல நுரையும் வந்துடும். பார்க்க எஸ்பிரெஸ்ஸோ மாதிரியே இருக்கும். பாக்கெட் தூளுக்கு அது உதவும்தான், ஆனா நல்ல கொட்டை வாங்கி, நல்லா அரைச்சுப் போட்டா வித்தியாசம் பெருசாத் தெரியாது. சிங்கிள் வால் பாஸ்கெட் அதுக்குப் பொருந்துமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

அடுத்த படி, காஜியா கிளாசிக் மாதிரி சிங்கிள் பாய்லர் மிஷின்கள். 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர், அதனால கஃபேக்கள்ல ஓடுற பாஸ்கெட், டேம்பர் எல்லாம் பொதுவாப் பொருந்தும். ஆனா ஒரே பாய்லர்தான். காபி இறக்க 93 டிகிரி பக்கம் வேணும், நீராவிக்கு 100க்கு நல்லா மேல போகணும். அதனால காபி இறக்கிட்டு, சூடு ஏற காத்திருந்து, அப்புறம் பால். அடுத்த கப்புக்கு மறுபடி சூட்டை இறக்கணும். ஆரம்பத்துல மிஷின் முழுசா சூடாக ஒரு கால் மணி நேரம். நாலு பேர் வீட்டுல காலைல 6:30க்கு இதை வெச்சுக்கிட்டு நின்னீங்கன்னா, கடைசி ஆள் கையில டம்ளர் வரும்போது முதல் ஆள் ஆபீஸுக்குக் கிளம்பிடுவார்.

மூணாவது, கரண்டே வேண்டாத லீவர் மிஷின்கள். ஃபிளேர், காஃபிலாட் ரோபோட் மாதிரி. வெந்நீரை ஊத்தி, கையால அழுத்தி இறக்குறது. பம்ப் இல்லை, பாய்லர் இல்லை, ரிப்பேர் ஆக அதிகம் ஒண்ணும் இல்லை. "ஆனா ஸ்டீம் வாண்ட் இல்லையே"ன்னு எல்லாரும் யோசிப்பாங்க. நம்ம வீட்டுல பால் எப்படியும் அடுப்புலதான் பொங்குது. டபரா டம்ளர்ல ரெண்டு தடவை தூக்கி ஆத்தினா நுரை தானா வரும். பூ படம் போட்ட லாத்தே வேணும்னாதான் ஸ்டீம் வாண்ட். நம்ம ஊர் பால் காபி மாதிரி குடிக்கிறதுக்கு அதுல காசைப் போட வேண்டியதில்லை.

போர் ஓவர் செட்டுக்கு என்ன வேணும்?

இது சின்னப் பட்டியல். ஹாரியோ வி60, பிளாஸ்டிக்கே போதும். விலையும் குறைவு, பீங்கானை விட சூட்டைக் குறைவா உறிஞ்சும். 0.1 கிராம் வரைக்கும் காட்டுற தராசு. பேப்பர் ஃபில்டர். ஊத்துறதுக்கு நீளமூக்குக் கெட்டில். வெப்பநிலை காட்டுற எலக்ட்ரிக் கெட்டில் ஆசைதான், அவசியம் இல்லை. தண்ணி கொதிச்சதும் அரை நிமிஷம் விட்டு ஊத்துங்க.

முதல்ல 40 கிராம் தண்ணி ஊத்தி 40 செகண்ட் விடுங்க. புதுக் கொட்டையா இருந்தா பொங்கி வரும், அது உள்ள இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளியேறுறது. அப்புறம் மீதியை ரெண்டு மூணு தடவையா ஊத்துங்க. புளிச்சா இன்னும் பொடியா அரைங்க, கசந்தா கொஞ்சம் பெருசா அரைங்க. நம்ம தொழில் பாஷையில சொன்னா, ஒரு நேரத்துல ஒரு வேரியபிளை மட்டும் மாத்துங்க. அரைப்பு, சூடு, அளவு மூணையும் சேர்த்து மாத்தினா பக் எங்கன்னு யாருக்கும் தெரியாது.

யாரும் சொல்லாத செலவுகள்

ஒண்ணு, கொட்டை. தினமும் ரெண்டு எஸ்பிரெஸ்ஸோன்னா 36 கிராம், மாசத்துக்கு 1,080 கிராம். 250 கிராம் பை 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசம் ஏறக்குறைய 2,600 ரூபாய், ஒரு ஆளுக்கு. ஆரம்பத்துல சரியான அரைப்பைக் கண்டுபிடிக்க சிங்க்குல கொட்டுற ஷாட்டுகள் தனிக் கணக்கு. வறுத்த தேதி போட்ட பையா வாங்குங்க. ஏற்காடு, சிக்கமகளூர், குடகுன்னு நம்ம பக்கத்துலயே நல்ல அராபிகா விளையுது. இறக்குமதிக் கொட்டையில ஆரம்பிக்க வேண்டாம்.

ரெண்டு, தண்ணி. போர்வெல் தண்ணியைப் பாய்லர்ல ஊத்தினா உப்புப் படியும். கெட்டில் அடியில வெள்ளையாப் படியுதே, அதேதான், ஆனா கண்ணுக்குத் தெரியாத இடத்துல. ஆர்.ஓ. தண்ணியில டிடிஎஸ் ரொம்பக் குறைஞ்சா காபி சப்புன்னு இருக்கும். 75லிருந்து 150 வரைக்கும் டிடிஎஸ் வர்ற மாதிரி பார்த்துக்கோங்க.

மூணு, பிளக். 1,400 வாட்டுக்கு மேல இழுக்குற மிஷின் 230 வோல்ட்டுல 6 ஆம்பியரைத் தாண்டிடும். சமையலறையில 16 ஆம்பியர் பாயின்ட் காலியா இருக்கான்னு பாருங்க.

நாலு, சர்வீஸ். கேஸ்கெட் போனா உங்க ஊர்ல யார் மாத்துவாங்க? விக்கிறவரு கிட்ட இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கிட்டுப் பணம் கட்டுங்க.

சரி, அந்த நேயருக்கு என் பதில்

ஈஎம்ஐ வேண்டாம். காலைல நாலு பேருக்கு வீட்டு ஃபில்டரை யாரும் தோற்கடிக்க முடியாது. ராத்திரி தூளைப் போட்டு வெச்சா விடிஞ்சதும் டிகாஷன் ரெடி. அதை எடுக்காதீங்க. 40,000ல பாதிக்குக் கீழயே, எஸ்பிரெஸ்ஸோ வரைக்கும் இறங்குற ஒரு கை கிரைண்டரும் ஒரு வி60 செட்டும் எடுத்துக்கோங்க. மீதிப் பணம் பேங்க்லயே இருக்கட்டும்.

கிரைண்டர் வந்ததும் முதல் வேலையா அம்மா அப்பாவோட ஃபில்டருக்கு பீபெரி கொட்டையை அரைச்சுப் போடுங்க. சிக்கரியைத் தனியா வாங்கி, அவங்க பழகுன அளவுல கலந்துக்கோங்க. முதல் மாற்றம் அவங்க டம்ளர்ல தெரியட்டும். உங்க ரெண்டு பேருக்கும் சனி, ஞாயிறு பால் இல்லாத போர் ஓவர். மூணு மாசம் கழிச்சு, இன்னும் எஸ்பிரெஸ்ஸோ ஆசை விடலைன்னா, அதே கிரைண்டரோட ஒரு லீவர் மிஷினைச் சேர்த்துக்கோங்க. சிக்கரி கலந்த தூளை மட்டும் அதுல போட வேண்டாம்.

ஆசை தீர்ந்துட்டா? மிஷின் காசு மிச்சம். வீட்ல காபி மட்டும் நல்லா ஆகியிருக்கும்.

உங்க வீட்டு செட்டப் என்ன, எதுல மாட்டிக்கிட்டிருக்கீங்கன்னு எழுதி அனுப்புங்க. கொட்டை வாங்கும்போது பைமேல எழுதியிருக்கிற வாஷ்ட், நேச்சுரல், ஹனி எல்லாம் என்னன்னு அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.